அணைந்ததாகக் காட்டும் விளக்கு

யாரோ வேண்டுமென்றே அணைக்கிறார்கள். இது கோளாறு இல்லை. கோளாறுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. காலையில் அணைகிறது, மாலையில் எரிகிறது. பக்கத்து வீட்டிலும் அதே நேரம். அதற்கடுத்த வீட்டிலும். எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு அணைக்கிறார்கள். யார் நீங்கள்? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?

வசுமதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். திரையில் ஏழாம் வரிசையின் வெப்பக்கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது. எழுநூற்று ஐம்பது பாகையில் ஆண்டு முழுக்க அசையாமல் ஓட வேண்டிய கோடு அது.

காகிதத்தில் அதன் பெயர் திண்ம ஆக்சைடு எரிபொருள் மின்கலம். கடுவைக்கரைக் குடியிருப்பில் அதற்குப் பெயர் பொட்டி. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைச் சுவருக்குப் பின்னால், பீரோவில் பாதி உயரத்துக்கு, ஒன்று நிற்கிறது. உள்ளே அப்பளம்போல் மெல்லிய பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தகட்டின் ஒரு பக்கம் எரிவாயு போகும், மறுபக்கம் காற்று. தகடு பழுக்கக் காய்ந்திருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பீங்கானுக்குள்ளேயே நுழைந்து வாயுவைப் போய்ச் சேரும். அங்கே மின்சாரம் பிறக்கும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே நிபந்தனை, ஆறக் கூடாது. ஆறினால் பீங்கான் ஓர் அளவும் அதைப் பிடித்திருக்கும் எஃகு வேறோர் அளவும் சுருங்கும். இரண்டையும் ஒட்டவைத்திருக்கும் கண்ணாடிப் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். மறுபடி சூடேற்றும்போது வாயு கசிந்து தகடு உடையும். முதல் குளிரைப் பல பெட்டிகள் தாங்கின. இரண்டாவதைச் சில. மூன்றாவது குளிரைத் தாங்கிய பெட்டி இதுவரை ஒன்றுகூட இல்லை.

அந்தக் கண்ணாடிப் பூச்சு வசுமதியுடையது. முப்பது வயதில் தொடங்கினாள், இப்போது நாற்பத்தாறு.

நான்கு வருடங்களுக்கு முன் வந்த புயலில் கடுவைக்கரைக்குப் போகும் மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்தன. முந்நூறு வீட்டுக்காக மறுபடி அந்தச் சதுப்பில் கம்பம் நட யாரும் முன்வரவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு பழைய வாயுக் கிணறு இருந்தது. அவளுடைய நிறுவனம் பெட்டிகளோடு வந்தது. இரண்டு வருடச் சோதனை. அதற்குள் பத்துப் பெட்டி உடைந்தால் சோதனை தோல்வி, எல்லாப் பெட்டிகளும் கழற்றப்படும், குடியிருப்பு பழையபடி இருட்டுக்குத் திரும்பும். ஒன்பது உடைந்துவிட்டன. சோதனை முடிய இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஏழாம் வரிசையில் நின்றாள்.

வரிசைக்கு எட்டு வீடு. வரிசைக்கு ஒரு பொறுப்பாளர். ஏழாம் வரிசைக்கு அஞ்சுகம். ஐம்பத்தைந்து வயது, நான்காம் எண் வீடு. பெட்டி தரும் மின்சாரத்தில் இட்லி மாவு அரைத்து விற்பவள்.

"வாங்க இஞ்சினீயரம்மா. பொட்டியப் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டையும்தான்க்கா."

"பொய்யி. போன தடவ வந்தப்ப பொட்டிகிட்ட ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தீங்க. தண்ணி வேணுமான்னு நான் கேட்டதுக்கு வேணாம்னீங்க. நம்ம பேச்சு அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி நின்றது. அஞ்சுகத்தின் கணவர் தருமலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

"உப்பளத்துல முப்பது வருஷம்மா," என்றார் அவர், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. "நெஞ்சு போயிடுச்சு. இப்ப நானும் உங்க பொட்டியும் ஒரே ரகம். ரெண்டு பேரையும் அணைக்கப்படாது."

வசுமதி சிரித்தாள். அணைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள்தானே? பின் ஏன்?

கொல்லைப்பக்கம் போனார்கள். பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே சூடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. அதன் கீழே, பெட்டியை ஏற்றவும் அணைக்கவும் ஒரு திருகு. பெட்டியின் அடியிலிருந்து விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீர், சொட்டுச் சொட்டாக, ஒரு எவர்சில்வர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாயுவும் ஆக்சிஜனும் சேருமிடத்தில் மின்சாரத்தோடு கொஞ்சம் தண்ணீரும் பிறக்கும். வசுமதியின் வரைபடங்களில் அது ஓரத்தில் வெளியே போகும் ஒரு அம்புக்குறி.

"இத எதுக்கு பிடிச்சு வைக்கிறீங்க?"

"நல்லா கேட்டீங்க. ஊருத் தண்ணி பூரா உப்பு. இத காச்சி ஆறவச்சு அவரு மெசினு பாட்டில்ல ஊத்துவேன். உப்புத்தண்ணி ஊத்துனா மெசினு கெட்டுப்போவும்னு டாக்டரு சொன்னாரு." அஞ்சுகம் குடத்தை நகர்த்தி வேறொன்றை வைத்தாள். காலியான பாத்திரத்தில் முதல் சொட்டு டொக்கென்று விழுந்தது. "படுத்திருக்கும்போது இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சரி, பொட்டி நல்லாருக்கு, அவரு நல்லாருக்காருன்னு தூங்கிடுவேன்."

"அக்கா, மாசி எட்டாம் தேதி காலைல இந்த வரிசை பூரா பெட்டிய அணைச்சிருக்கீங்க. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப ஏத்தியிருக்கீங்க. ஏன்?"

"அன்னைக்கா?" அஞ்சுகம் யோசிக்கவே இல்லை. "அன்னைக்கு ரெண்டாம் நம்பரு வைரக்கண்ணு அண்ணன் போயிட்டாங்க."

"எங்க?"

அஞ்சுகம் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே கையைக் காட்டினாள்.

"செத்துப்போயிட்டாங்கம்மா. பொணம் கெடக்கையில அடுப்பு எரியலாமா? எடுக்குற வரைக்கும் தெருவுல யாரு வூட்லயும் நெருப்பு இருக்கப்படாது. எடுத்துட்டுப் போனதும் வாசல் கழுவிவிட்டு, குளிச்சிட்டு, அப்புறந்தான் ஏத்துறது."

வசுமதிக்குக் கழுத்தின் பின்புறம் சூடாயிற்று. இரண்டு வருடம். ஒன்பது பெட்டி. அவள் கண்ணாடியின் கலவையை நான்கு முறை மாற்றியிருந்தாள்.

"ஆனா இது அடுப்பு இல்லக்கா. உள்ள தீயே கிடையாது. ஜுவாலை இல்ல. வெறும் சூடு."

"எவ்வளவு சூடு?"

"எழுநூத்தி அம்பது."

"சுடுகாட்டுல கொளுத்துற தீ எவ்வளவு இருக்கும்?"

வசுமதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஏறக்குறைய அவ்வளவுதான்.

"அப்ப நெருப்புதானே," என்றாள் அஞ்சுகம், விவாதம் முடிந்த நிதானத்தில்.

"ஏன்க்கா யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"கேட்டீங்களா? ஒரு தாளு குடுத்தீங்க. ஏன் அணைச்சீங்கன்னு அஞ்சு கட்டம் போட்டு. வெளியூர் போனீங்களா, சத்தம் வருதா, நாத்தம் அடிக்குதா, புள்ளைங்க தெரியாம தொட்டுச்சா, மற்றவை. நாங்க மற்றவையில டிக் போட்டோம். சாவு மற்றவைதானே?"

"அன்னைக்கு அண்ணனுக்கு மிஷின்?"

"ஆறாம் வரிசைல என் நாத்தனா வூட்ல கொண்டுபோயி ஒக்கார வச்சோம். வைரக்கண்ணு அண்ணனுக்கு ஐஸ் பொட்டி வைக்க டவுன்லேருந்து ஜெனரேட்டர் வண்டி வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, பாருடி, செத்தவனுக்கு ஜெனரேட்டரு, இருக்குறவனுக்கு நாத்தனா வூடுன்னு."

உள்ளேயிருந்து மறுபடி அந்தச் சிரிப்பும் இருமலும் கேட்டன.

புறப்படும்போது வசுமதி அந்தப் பெட்டியின் கணக்கைக் கைக்கருவியில் பார்த்தாள். இரண்டு குளிர். பூச்சின் தாங்கும் திறன் எல்லைக்கோட்டில் நின்றது. அஞ்சுகமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது ஆச்சுன்னு பேசிக்கிறாங்க. பத்தாவது எங்க வரிசையா இருக்கப்படாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்," என்றாள். "இந்தப் பொட்டி வரலேன்னா அவரு போன ஐப்பசியிலயே போயிருப்பாரும்மா."

*

கோதண்டராமன் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சிரித்தார். திட்டத்தின் தலைவர். வசுமதியை வேலைக்கு எடுத்தவர். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

"பதினாறு வருஷம் தெர்மோடைனமிக்ஸோட மல்லுக்கட்டி, கடைசில எமன்கிட்ட தோத்துட்டோமா?"

"அணைக்க வேண்டாம்னு எடுத்துச் சொல்லலாம் சார். ஒவ்வொரு வீடா."

"சொல்லலாம். கேட்பாங்களா? உங்க அம்மா கேட்டிருப்பாங்களா? எங்க அம்மா கேட்டிருக்க மாட்டா." அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். "திருகையே எடுத்துடலாம்னா பொட்டியே வேண்டாம்பாங்க. பூச்சை மாத்தலாம்னா நேரமில்ல. பன்னிரண்டு வாரத்துல இன்னும் எத்தனை பேர் போவாங்கன்னு நாம தீர்மானிக்க முடியாது. வசு, அவங்களுக்கு என்ன வேணும்? பெட்டி அணையணுமா, அணைஞ்சதுன்னு தெரியணுமா?"

அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்த வேகம்தான் பிறகு அவளை உறுத்தியது.

"திருகைத் திருப்புனா விளக்கு அணையட்டும்," என்றார் அவர். "வீட்டுக்கு மின்சாரமும் நிக்கட்டும். விசிறி, லைட்டு எல்லாம். ஆனா உள்ள கொஞ்சமா வாயுவ விட்டு சூட்டை மட்டும் பிடிச்சு வை. சாயங்காலம் திருகினா உடனே ஏறிடும். யாருக்கு நஷ்டம்? யாரு மனசும் புண்படாது. முந்நூறு வீட்டுல வெளிச்சம் இருக்கும்."

"பொய் சொல்றோமே சார்."

"விளக்கு சொல்லும். நாம சொல்லப் போறதில்ல."

அவர் கெட்டவர் இல்லை. புயலுக்கு மறுவாரம் முழங்கால் சேற்றில் நடந்து கடுவைக்கரைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதனால்தான் அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான்கு நாளில் எழுதிவிட்டாள். பெட்டியை ஓட்டும் கணினிக்கு ஒரு சின்ன நிரல். 'அணை' என்ற ஆணை வந்தால் 'அணைந்ததாகக் காட்டு' என்ற ஆணையாக மாற்ற வேண்டும், அவ்வளவே. எழுதும்போதெல்லாம் எழுந்து நடந்தாள். தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

அம்மா இறந்த நாள் திரும்பத் திரும்ப வந்தது. திருச்சியில் நான்காம் மாடி. கூடத்தில் அம்மா. குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மின்தூக்கி ஏறி இறங்கியது. மேல்வீட்டில் மிக்சி ஓடியது. யாரோ வசுமதியிடம் தலைவலிக்கிறது என்றார்கள். அவள் சமையலறைக்குப் போய் மின்னடுப்பை அழுத்திக் காப்பி போட்டாள். தனக்கும் ஒரு டம்ளர். நின்றுகொண்டே குடித்தாள். நல்ல காப்பி. அப்போது தவறாகத் தெரியவில்லை. பதினோரு வருடமாக அவளுக்கு அந்த நாளில் ஒரு இடம் கிடைக்கவில்லை. எங்கே அம்மா முடிந்தாள், எங்கே மிச்சம் தொடங்கியது என்று காட்ட ஒரு கோடு இல்லை. எதுவும் நிற்கவில்லை அன்று. ஒரு நிமிடம் ஏதாவது நின்றிருந்தால் தானும் நின்றிருப்பேன் என்று சில சமயம் தோன்றும். உடனே, இதென்ன பேச்சு, ஆராய்ச்சி செய்கிறவள் பேசுகிற பேச்சா என்று தோன்றும்.

நிரலை முதலில் ஏழாம் வரிசையில் ஏற்றினார்கள். சோதனைக்கு. வரிசைப் பொறுப்பாளரிடம் 'வழக்கமான புதுப்பிப்பு' என்று சொல்லப்பட்டது. சொன்னது வசுமதி. தொலைபேசியில்.

"நல்லதும்மா," என்றாள் அஞ்சுகம். "பொட்டிக்கு நல்லதுன்னா செய்யுங்க."

*

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கோதண்டராமன் திரைக்கு முன்னால் நின்று அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பாத்தியா! ஆறே முக்காலுக்கு ஏழாம் வரிசை எட்டு வீட்டுலயும் திருகைத் திருப்பியிருக்காங்க. எட்டு விளக்கும் அணைஞ்சிருக்கு. கோட்டைப் பாரு. ஒரு பாகை இறங்கல."

கோடு நேராக இருந்தது. பதினாறு வருடத்தில் அவள் பார்த்ததிலேயே அழகான கோடு. அவள் கை தானாக வேறொரு பக்கத்தைத் திறந்தது. வீடுவாரியாக மின்பயன்பாடு. நான்காம் எண் வீட்டில் இரவும் பகலும் நிற்காமல் ஓடிய ஒரு சிறு சுமை, ஆக்சிஜன் இயந்திரத்தின் சுமை, காலை ஐந்து பத்துக்கு நின்றிருந்தது. பூஜ்யம்.

"யாரோ தவறிட்டாங்க போல," என்றார் கோதண்டராமன், குரலைத் தாழ்த்தி.

"தெரியும் சார். தருமலிங்கம்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வா. மாலை வாங்கிட்டுப் போ, நிறுவனம் சார்பா. அப்படியே பெட்டிய ஒரு பார்வை பாத்துடு."

*

தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். முனையில் ஜெனரேட்டர் வண்டி இரைந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் தருமலிங்கம். மூக்கில் குழாய் இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. வசுமதி மாலையை வைத்துவிட்டு, பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்தாள். விசிறி நின்றிருந்தது. யாரோ அவள் பக்கம் பனைமட்டை விசிறியை நீட்டினார்கள்.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அஞ்சுகம் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ காதுகொடுத்துக் கேட்பவள்போல் இருந்தாள்.

"அழ மாட்டேங்குது பாரு," என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். "நெஞ்சடைச்சிருக்கு. யாராச்சும் அழவைங்கடி."

வசுமதிக்கும் அப்போதுதான் கேட்டது. சுவருக்குப் பின்னாலிருந்து.

டொக்.

நீண்ட இடைவெளி. மறுபடி, டொக்.

நிரல் எழுதும்போது அவள் விளக்கை நினைத்தாள், விசிறியை நினைத்தாள், திரையை நினைத்தாள். தண்ணீரை நினைக்கவில்லை. கொஞ்சம் வாயு எரிந்தால் கொஞ்சம் தண்ணீர். வரைபடத்தின் ஓரத்து அம்புக்குறி.

அஞ்சுகம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பிறகு எழுந்து, "ஒரு நிமிசம் வாம்மா," என்று கொல்லைப்பக்கம் போனாள். வசுமதி பின்னால் போனாள்.

விளக்கு அணைந்திருந்தது. திருகு 'அணை' என்ற இடத்தில் இருந்தது. அஞ்சுகம் பெட்டியின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"காலைலேருந்து சுடுது. அணைச்சா ஒரு மணி நேரத்துல சொட்டு நின்னுடும், எனக்குத் தெரியும். இது ரெண்டு தடவ அணைச்ச பொட்டி." குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "அன்னைக்கு போன்ல சொன்னியே, புதுப்பிப்புன்னு. இதானா?"

"ஆமாக்கா."

"எட்டு வூட்லயுமா?"

"எட்டு வீட்லயும்."

அஞ்சுகம் தலையசைத்தாள். அவள் முதல்முறையாக 'நீ' என்று பேசியதை வசுமதி கவனித்தாள்.

"அணைச்சா ஒடஞ்சிடும்னுதானே?"

"உங்க பெட்டி நிச்சயமா உடையும்க்கா. மூணாவது தடவ."

"பத்தாவது."

"ஆமா."

டொக் என்றது குடம். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

கொல்லைக்கதவில் தருமலிங்கத்தின் அண்ணன் வந்து நின்றார். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தவர், எண்பதை நெருங்கியவர், தோளில் துண்டு. "என்ன தாயி, இங்க நிக்கிற? பொட்டி அணைஞ்சிருக்குல்ல? சொட்டுச் சத்தம் கேக்குதேன்னு உள்ள ஒருத்தன் சொல்றான்."

"அணைஞ்சிருச்சு மாமா," என்றாள் அஞ்சுகம். "குழாயில தங்குன தண்ணி, அது சொட்டுது. இஞ்சினீயரம்மாவே வந்து பாத்துட்டாங்க. கேட்டுக்குங்க."

பெரியவர் வசுமதியைப் பார்த்தார். அஞ்சுகமும் பார்த்தாள். அவள் விரல்கள் பெட்டியின்மேலேயே இருந்தன. பெரியவருக்குக் கேட்காத குரலில், உதடு அசையாமல், "ஆமான்னு சொல்லு ஆயி. முந்நூறு குடும்பம். அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு," என்றாள்.

இதுதான் நடந்திருக்கிறது, என்று நினைத்தாள் வசுமதி. நான் ஒரு விளக்குக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். விளக்கோடு அது நிற்கும் என்று நம்பினேன். இதோ, கணவனின் பிணம் கிடக்க இவள் சொல்கிறாள். காலையிலிருந்து அழாமல் உட்கார்ந்து அந்தச் சொட்டை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று காவல் காத்திருக்கிறாள். இனி ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி காவல் காப்பாள்.

ஒரு தலையசைப்புப் போதும். அவளுடைய பதினாறு வருடமும் முந்நூறு வீட்டு வெளிச்சமும் அந்தத் தலையசைப்பில் இருந்தன. கழுத்து அசைய மறுத்தது.

"இல்லைங்க ஐயா," என்றாள். "அணையல. எங்க தப்பு. இப்ப அணைச்சிடுறேன்."

பெரியவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. வரிசையின் எட்டு வீட்டுக்கும் வாயு வரும் குழாய் அஞ்சுகத்தின் கொல்லை மூலையில்தான் தரையிலிருந்து மேலே வந்தது. அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு கைப்பிடி. எந்த நிரலும் தொட முடியாத வால்வு. அவளே வைக்கச் சொன்னது, பாதுகாப்புக்காக. துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. கைப்பிடி குறுக்காகத் திரும்பி வாயுவை அடைத்தது.

அஞ்சுகம் அவளைத் தடுக்கவில்லை. "என்ன காரியம் பண்ணிட்ட," என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

வசுமதி குடத்துக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். சொட்டு விழுந்தது. எண்ணவில்லை அவள். இடைவெளி நீண்டது. ஒரு காக்கை பெட்டியின்மேல் வந்து உட்கார்ந்து, காலை மாற்றி மாற்றி வைத்து, பறந்து போனது. ஒரு சொட்டு குழாயின் நுனியில் திரண்டு வெகுநேரம் தொங்கி விழுந்தது. அடுத்தது திரளத் தொடங்கி, திரளாமல், அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே ஒரு குரல் எழுந்தது. கனத்த, உடைந்த, யாருக்காகவும் அடக்காத குரல். பிற பெண்களின் குரல்கள் அதோடு சேர்ந்துகொண்டன. யாரோ, "அழுவட்டும், விடுங்க," என்றார்கள்.

கைபேசி நடுங்கியது. கோதண்டராமன்.

"வசு, எங்க இருக்க? ஏழாம் வரிசை இறங்குது. எட்டு வீடும். வாயுவே வரல. யாரோ கைவால்வை மூடியிருக்காங்க."

"நான்தான் சார்."

அவர் கத்தவில்லை. கத்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

"எழுநூத்திப் பத்து. அறுநூத்தம்பதுக்குக் கீழ போகலேன்னா ஒண்ணும் ஆகாது, உனக்குத் தெரியும். அரை மணி நேரம் இருக்கு. சொட்டுதானே பிரச்சனை? குழாயைத் தரைக்கடியில விட்டுடலாம். நாளைக்கே ஆள் அனுப்புறேன். இப்ப வால்வைத் திற. பேசிக்கலாம்." அவர் நிறுத்தினார். "பத்தாவதும்மா அது. திற."

உள்ளங்கை எரிந்தது. அவள் எழுந்து பெட்டியின் பின்சுவரில், சற்றுமுன் அஞ்சுகம் கைவைத்த அதே இடத்தில், கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. ஆனால் பழைய சூடு இல்லை. ஆறும்போது கண்ணாடி முனகும். ஆய்வுக்கூடத்தில் நுண்ஒலிவாங்கி வைத்து ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். இங்கே அழுகைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவள் கால்கள் எங்கும் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

"வசு? கேக்குதா? திறந்துட்டியா?"

"இல்ல சார்," என்றாள். "இன்னும் எடுக்கல."